கர்ப்பப்பை நார்க்கட்டி: தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பெண்கள் கேட்கும் கேள்விகள்

நான் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். பென்னாகரம், பாலக்கோடு, கடைசிச் சில வருடங்கள் ராயக்கோட்டைப் பக்கம் என்று வேலை பார்த்தேன். ஓய்வு பெற்ற பிறகும் ஸ்கேன் ரிப்போர்ட்டை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு யாராவது வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். இப்போது வாட்ஸ்அப்பில் போட்டோவாகவும் வருகிறது. திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. நான் டாக்டர் இல்லை. டாக்டர் முன்னால் போய் உட்காரும்போது என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போவதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

"கர்ப்பப்பையில கட்டின்னு சொல்லிட்டாங்க சிஸ்டர். புத்துநோயா?"

இல்லை. முதலில் இதைக் கேட்டுவிட்டு மூச்சு விடுங்கள். கர்ப்பப்பையின் சுவர் தசையால் ஆனது. கை கால் தசை மாதிரி நாம் நினைத்தால் அசைக்கக்கூடிய தசை அல்ல. தானாகச் சுருங்கி விரியும் மென்தசை. அந்தத் தசையில் ஒரே ஒரு செல் பெருகிப் பெருகி உருண்டையாகத் திரள்வதுதான் நார்க்கட்டி. டாக்டர்கள் ஃபைப்ராய்டு, மயோமா, லியோமயோமா என்று எழுதுவது எல்லாம் இதைத்தான். பயிற்சிக் காலத்தில் ஆபரேஷன் தியேட்டரில் எடுத்த கட்டியை வெட்டிக் காட்டினார்கள். உள்ளே சீழும் இல்லை, அழுகலும் இல்லை. வெள்ளையாக, கெட்டியாக, நூல்கண்டு சுற்றியது போலச் சுருள் சுருளாக இருந்தது. எனக்கு இருந்த பயம் அன்றைக்கே பாதி போய்விட்டது.

இது உடம்பில் வேறு இடங்களுக்குப் பரவாது. இதே தசையில் புற்றுநோயும் வரலாம், அதற்கு லியோமயோசார்கோமா என்று பெயர். ஆனால் அது மிக அரிது. நார்க்கட்டி என்று நினைத்து ஆபரேஷன் செய்த பெண்களில் சுமார் 350 பேரில் ஒருவருக்கு சார்கோமா வகைப் புற்று இருந்திருக்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2014-ல் கணக்கிட்டது. அதற்குப் பிறகு வந்த பல ஆய்வுகள் அதைவிடக் குறைவாகவே சொல்கின்றன. அப்படி வருவதும் பெரும்பாலும் தனியாகவே முளைப்பது. சாதாரண நார்க்கட்டி நாளடைவில் புற்றாக மாறுகிறது என்பதல்ல.

"நீர்க்கட்டியும் இதுவும் ஒண்ணுதானே?"

வேறு வேறு. பெயர் ஒரே மாதிரி இருப்பதால் இந்தக் குழப்பம் எல்லோருக்கும் வருகிறது. நீர்க்கட்டி சினைப்பையில் வருவது, உள்ளே திரவம் இருக்கும். நார்க்கட்டி கர்ப்பப்பைச் சுவரில் வருவது, உள்ளே கெட்டியான தசையும் நாரும். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு நீர்க்கட்டிக்குக் கொடுத்த மாத்திரையை நீங்கள் வாங்கிச் சாப்பிட்டால் பிரயோஜனம் இல்லை.

இன்னொன்றும் உண்டு. அடினோமயோசிஸ் என்று ரிப்போர்ட்டில் எழுதியிருந்தால், கர்ப்பப்பையின் உள்படலம் தசைக்குள்ளேயே புகுந்து வளர்கிறது என்று அர்த்தம். அதிக ரத்தப்போக்கு, வலி என்று அறிகுறிகள் நார்க்கட்டி மாதிரியே இருக்கும். சிலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும். சிகிச்சை மாறும் என்பதால் எது என்று டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

"எனக்கு ஏன் வந்துச்சு? நான் என்ன தப்பு பண்ணேன்?"

ஒரு தப்பும் பண்ணவில்லை. 50 வயதுக்குள் பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்குச் சின்னதாகவாவது ஒரு நார்க்கட்டி இருக்கும். பலருக்கு அது தெரியவே தெரியாது. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டரோன் என்ற இரண்டு ஹார்மோன்களும் அதற்குத் தீனி. அதனால்தான் வயதுக்கு வருமுன் இது வருவதில்லை, மாதவிடாய் நின்ற பிறகு சுருங்குகிறது. அம்மாவுக்கோ அக்காவுக்கோ இருந்தால் உங்களுக்கும் வர வாய்ப்பு கூடும். சின்ன வயதிலேயே பூப்பெய்தியவர்கள், குழந்தை பெறாதவர்கள், உடல் எடை கூடியவர்கள், ரத்த அழுத்தம் உள்ளவர்களிடம் சற்று அதிகமாகக் காணப்படுகிறது.

"குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செஞ்சதாலதான் வந்துச்சுன்னு மாமியார் சொல்றாங்க."

அதனால் வருவதில்லை. அந்த ஆபரேஷனில் கருக்குழாயைத்தான் கட்டுகிறார்கள். கர்ப்பப்பையையும் ஹார்மோனையும் தொடுவதில்லை. ஆபரேஷன் முடிந்து பத்து வருடம் கழித்து, அதாவது முப்பத்தைந்து நாற்பது வயதில் கட்டி தெரிகிறது. அந்த வயதில்தான் பெரும்பாலோருக்குக் கட்டி தெரியவரும். இரண்டையும் முடிச்சுப் போடுவது அதனால்தான்.

"நம்ம ஊர் ஃப்ளோரைடு தண்ணியாலயா?"

இந்தக் கேள்வி நம் இரண்டு மாவட்டங்களுக்கே உரியது. போர்த்தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பது உண்மை. அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே 2013-ல் வந்தது. அது பல்லைக் கறையாக்கும், எலும்பையும் மூட்டையும் கெடுக்கும். நார்க்கட்டிக்கு அதுதான் காரணம் என்று காட்டும் உறுதியான சான்று இல்லை. ஒகேனக்கல் தண்ணீரைக் குடியுங்கள், நல்லது. அதற்கும் கட்டிக்கும் சம்பந்தம் வேண்டாம்.

"ரிப்போர்ட்ல என்னென்னமோ எழுதியிருக்கு. எப்படிப் படிக்கிறது?"

எல்லோரும் முதலில் பார்ப்பது சென்டிமீட்டரை. "அஞ்சு சென்டிமீட்டராம்மா!" என்று பதறுவார்கள். நான் முதலில் பார்ப்பது கட்டி எங்கே இருக்கிறது என்பதை.

சப்மியூகோசல் என்று இருந்தால் கட்டி கர்ப்பப்பையின் உள்பக்கம், குழந்தை வளரும் அறையை எட்டிப் பார்க்கிறது. இன்ட்ராமியூரல் என்றால் சுவருக்குள்ளேயே இருக்கிறது. சப்சீரோசல் என்றால் வெளிப்பக்கம் புடைத்திருக்கிறது. பெடங்குலேட்டட் என்றால் காம்பில் தொங்கும் மாங்காய் போலத் தொங்குகிறது. உள்பக்கம் இருக்கும் ஒன்றரை சென்டிமீட்டர் கட்டி ஒரு பெண்ணைப் படுக்கையில் தள்ளிவிடும். வெளிப்பக்கம் இருக்கும் ஆறு சென்டிமீட்டர் கட்டியோடு ஒருத்தி நாற்று நட்டுக்கொண்டிருப்பாள், அவளுக்குத் தெரியவே தெரியாது. அளவு மட்டும் ஒன்றையும் சொல்லாது.

ஏன் இப்படி என்றால், மாதவிடாய் ரத்தத்தை நிறுத்துவதே கர்ப்பப்பையின் தசைதான். அது சுருங்கி ரத்தக்குழாய்களை நெரிக்கும், போக்கு நிற்கும். உள்ளே ஒரு உருண்டை உட்கார்ந்திருந்தால் சரியாகச் சுருங்க முடியாது. உள்படலத்தின் பரப்பும் கூடிவிடும். அதனால் போக்கு கொட்டும்.

பல்கி யூட்டெரஸ் என்று எழுதியிருந்தால் கர்ப்பப்பை சற்றுப் பெருத்திருக்கிறது என்று மட்டுமே பொருள். அது ஒரு நோயின் பெயர் அல்ல. "12 வார சைஸ்" என்றால் மூன்று மாதக் கர்ப்பம் அளவுக்குக் கர்ப்பப்பை பெருத்திருக்கிறது என்று அர்த்தம். ஈ.டி. என்பது உள்படலத்தின் தடிமன். மாதவிடாய் நின்றவர்களுக்கு அந்த எண் ரொம்ப முக்கியம்.

"போக்கு எவ்வளவு இருந்தா அதிகம்னு சொல்றது?"

இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. நான்தான் கேட்பேன். "எவ்வளவு போகுது?" என்றால் "எல்லாருக்கும் போற மாதிரிதான்" என்பார்கள். எல்லோருக்கும் எவ்வளவு போகிறது என்று யாருக்குத் தெரியும்? யாரும் யாரிடமும் சொல்வதில்லையே.

ராயக்கோட்டைப் பக்கம் தக்காளித் தோட்டத்தில் கூலிக்குப் போகும் ஒரு பெண், வயது 38. மூச்சு வாங்குகிறது என்று வந்தாள். கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தேன், வெள்ளைத் தாள் மாதிரி இருந்தது. நகம் குழிந்து கரண்டி போல ஆகியிருந்தது. பேசிக்கொண்டே இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையிலிருந்து எதையோ எடுத்து வாயில் போட்டாள். பச்சரிசி. ஒரு நாளைக்கு எவ்வளவு என்று கேட்டேன். "ஒரு ஆழாக்கு இருக்கும், நிறுத்த முடியல சிஸ்டர்" என்றாள். அரிசி, சாம்பல், செங்கல் தூள், ஐஸ் என்று தின்னத் தோன்றுவது இரும்புச்சத்து வற்றிப்போனதன் அடையாளம். ரத்தம் பார்த்தோம், ஹீமோகுளோபின் 5.6. மாதாமாதம் பத்து நாள் போக்கு. இரண்டு துணி சேர்த்து வைத்து, அதற்கு மேல் பழைய பாவாடையைக் கட்டிக்கொண்டு காட்டுக்குப் போயிருக்கிறாள். மூன்று வருடமாக. ஸ்கேனில் உள்பக்கம் ஒரு கட்டி, இரண்டு சென்டிமீட்டர்கூட இல்லை.

நம் பெரியவர்கள் இதற்குப் பெரும்பாடு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எவ்வளவு பொருத்தமான பெயர் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

சரி, கணக்குக்கு வருவோம். ஏழு நாளுக்கு மேல் போனால் அதிகம். ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நாப்கின் மாற்ற வேண்டியிருந்தால் அதிகம். பத்து ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய ரத்தக் கட்டிகளாக விழுந்தால் அதிகம். இரவில் எழுந்து மாற்ற வேண்டியிருந்தால், அந்த நாட்களில் வெளியே போகவே பயந்தால், அதுவும் அதிகம்தான். போக்கைத் தவிர அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல், அடிவயிறு கனப்பது, இடுப்பு வலி, உறவின்போது வலி என்றும் கட்டி தன்னைக் காட்டிக்கொள்ளும்.

கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. 8-க்குக் கீழே கடுமையானது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை. கட்டியை ஸ்கேனில் பார்த்துப் பயப்படுகிறோம். அந்த ரத்த எண்ணை யாரும் கேட்பதில்லை. கட்டியின் அளவை மனப்பாடமாகச் சொல்லும் பெண்கள் எல்லோரும் தங்கள் ஹீமோகுளோபினையும் அப்படிச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

"தினமும் ராகிக் களிதானே சாப்பிடறோம், ரத்தம் ஊறாதா?"

களி அருமையான சாப்பாடு. தானியங்களில் கால்சியத்துக்கு அதை அடிக்க ஆள் இல்லை. இரும்பும் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் தானியத்தில் உள்ள இரும்பை உடம்பு கொஞ்சமாகத்தான் எடுத்துக்கொள்ளும். மாதம் பத்து நாள் கொட்டிக்கொண்டிருக்கும்போது களியும் கீரையும் மட்டும் ஈடுகட்டாது. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவது போலத்தான். இரும்புச்சத்து மாத்திரை வேண்டும், ஓட்டையையும் அடைக்க வேண்டும்.

மாத்திரையை டீயோடு போடாதீர்கள். டீ குடிப்பதற்கும் மாத்திரைக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காய், கொய்யா ஏதாவது கூடச் சேர்ந்தால் நன்றாகச் சேரும். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். எண் 12-ஐத் தொட்டதும் நிறுத்திவிடாதீர்கள், உடம்பின் சேமிப்பு நிரம்ப இன்னும் சில மாதம் தொடர வேண்டும். மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் ஆபரேஷன் தேதி நெருங்கியவர்களுக்கும் ஊசி வழியாக இரும்பு ஏற்றுவார்கள்.

"எனக்கு ஒரு தொந்தரவும் இல்ல. வேற எதுக்கோ ஸ்கேன் எடுத்தப்ப தெரிஞ்சுது. எடுத்துடணுமா?"

வேண்டாம். டாக்டர் சொல்லும் இடைவெளியில் மறுபடி ஒரு ஸ்கேன், அவ்வளவுதான்.

"மாத்திரையில கரையுமா? நாட்டு மருந்து?"

நிரந்தரமாகக் கரைக்கும் மாத்திரை இன்னும் இல்லை. மருந்துகள் செய்யும் வேலை வேறு. டிரானெக்சாமிக் அமிலம் போக்கு இருக்கும் நாட்களில் மட்டும் போடுவது, போக்கைக் குறைக்கும். ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்த வரலாறு இருந்தால் அதைப் போடக் கூடாது, டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மெஃபெனமிக் அமிலம் வலியைத் தணிக்கும், போக்கையும் ஓரளவு குறைக்கும். காப்பர் டி வடிவத்தில் இருக்கும் ஹார்மோன் சாதனத்தைக் கர்ப்பப்பைக்குள் வைத்தால் பலருக்குப் போக்கு வெகுவாகக் குறைகிறது. கட்டி உள்ளறையைக் கோணலாக்கியிருந்தால் அது வெளியே வந்துவிடக்கூடும். லூப்ரோலைடு ஊசி கட்டியைச் சுருக்கும், நிறுத்தினால் மறுபடி வளரும். எலும்பு தேயும் என்பதால் நீண்ட நாள் போட மாட்டார்கள். பெரும்பாலும் ஆபரேஷனுக்கு முன்னால் ரத்தம் ஏறவும் கட்டி சிறுக்கவும்தான் அதைக் கொடுக்கிறார்கள்.

கஷாயம் குடித்துக் கட்டி கரைந்தது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். மாதவிடாய் நிற்கும் வயதில் தானாகவே சுருங்கும் என்பதை நினைவில் வையுங்கள். கஷாயம் குடித்தாலும் ஹீமோகுளோபினைப் பார்ப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

"ஆடிப்பெருக்குக்கும் மாரியம்மன் பண்டிகைக்கும் தள்ளிப்போட மாத்திரை போடறேன். அதனால கட்டி வருமா?"

எப்போதாவது ஒருமுறை போட்டதால் கட்டி முளைக்காது. ஆனால் ஏற்கெனவே கட்டி இருப்பவர்களுக்கு, மாத்திரையை நிறுத்தியதும் போக்கு ஒரேயடியாகக் கொட்டலாம். மருந்துக் கடையில் நேராகக் கேட்டு வாங்காதீர்கள். ரத்தம் உறையும் பிரச்சினை, கடுமையான ஒற்றைத் தலைவலி, கல்லீரல் நோய் இருப்பவர்களுக்கு இது ஆகாமல் போகலாம்.

"கர்ப்பப்பையை எடுத்துடுங்கன்னு சொல்றாங்க. எடுத்தே ஆகணுமா?"

இங்கே நிதானமாகப் பேச வேண்டும். என் தூரத்து உறவுக்காரப் பெண்ணுக்கு வயது 34. ஒரு இடத்தில் நாலு சென்டிமீட்டர் கட்டி என்று சொன்ன அன்றைக்கே, "ரெண்டு குழந்தை இருக்கு இல்ல, இனி எதுக்கு? நாளன்னைக்கு வந்து படுத்துடுங்க" என்று தேதி கொடுத்துவிட்டார்கள். மாத்திரை கொடுத்துப் பார்க்கவில்லை, வேறு வழி எதையும் சொல்லவில்லை. அவளும் சரி என்று தலையாட்டிவிட்டு வந்து, ஆட்டை விற்றுப் பணம் புரட்டிக்கொண்டிருந்தாள். வேறொரு டாக்டரிடம் அழைத்துப் போனேன். ஆறு மாதம் மருந்திலேயே சமாளித்தாள். இன்றைக்கும் கர்ப்பப்பை அவளிடம்தான் இருக்கிறது.

"இனி எதுக்கு" என்ற அந்த வார்த்தை என்னை இன்னும் உறுத்துகிறது. பிள்ளை பெறுவதற்கு மட்டுமா ஒரு உறுப்பு? நம் எல்லைக்கு அந்தப் பக்கம் ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் சின்ன வயதிலேயே கர்ப்பப்பை எடுத்த பெண்கள் நாட்டிலேயே அதிகம். தேவையில்லாமல் கர்ப்பப்பை எடுப்பதைத் தடுக்கும் மத்திய அரசின் வழிகாட்டு நெறிகளை எல்லா மாநிலங்களும் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023-ல் உத்தரவே போட்டது.

எடுப்பது தப்பு என்று நான் சொல்லவில்லை. குழந்தை வேண்டாம், மருந்துக்குக் கேட்கவில்லை, ரத்தம் வற்றிக்கொண்டே போகிறது, வயது நாற்பத்தைந்தை நெருங்குகிறது என்றால் அது நல்ல சிகிச்சை. முழுத் தீர்வும் அதுதான். கட்டி மறுபடி வராது. எடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கும் எத்தனையோ பெண்களை எனக்குத் தெரியும். ஆனால் அதற்கு முன் மற்ற வழிகளைக் கேட்டிருக்க வேண்டும். கட்டியை மட்டும் எடுக்கலாம், அது மயோமெக்டமி. உள்பக்கக் கட்டி என்றால் வயிற்றைக் கிழிக்காமல் கீழ்வழியாகவே கருவி செலுத்தி எடுத்துவிடலாம். பெரிய நகரங்களில் கட்டிக்குப் போகும் ரத்தக்குழாயை அடைத்து அதைச் சுருங்க வைக்கும் முறையும் உண்டு. இனிமேல் குழந்தை வேண்டும் என்பவர்களுக்கு அதைப் பொதுவாக முதல் வழியாகச் சொல்வதில்லை. கட்டியை மட்டும் எடுத்தால் பின்னால் புதிதாக வேறு முளைக்கலாம், அதையும் தெரிந்தே முடிவெடுக்க வேண்டும்.

"எடுக்கறப்ப சினைப்பையையும் சேர்த்து எடுத்துடுவாங்களா?"

கையெழுத்துப் போடுமுன் இதைக் கட்டாயம் கேளுங்கள். சினைப்பைதான் ஹார்மோன் சுரப்பது. மாதவிடாய் நிற்கும் வயதுக்கு முன்னால் இரண்டு சினைப்பைகளையும் எடுத்தால் மறுநாளே அந்த வயது வந்துவிட்டது போல உடம்பு கொதிக்கும், தூக்கம் போகும். நாளடைவில் எலும்பும் இதயமும் பாதிக்கப்படும். நார்க்கட்டிக்காகச் சினைப்பையை எடுக்க வேண்டியதில்லை. எடுக்கச் சொன்னால் அதற்குத் தனிக் காரணம் இருக்க வேண்டும், அதைச் சொல்லச் சொல்லுங்கள்.

"குழந்தை நிக்குமா?"

நார்க்கட்டியோடு கர்ப்பமாகிச் சுகமாகப் பெற்றவர்கள்தான் அதிகம். உள்ளறையைக் கோணலாக்கும் கட்டிதான் கரு தங்குவதற்கு இடைஞ்சல் செய்யும், கருச்சிதைவுக்கும் காரணமாகலாம். கர்ப்பத்தில் சிலருக்குக் கட்டிக்குள் ரத்த ஓட்டம் போதாமல் திடீரென்று கடும் வலி வரும். பெரும்பாலும் ஓய்வும் வலி மாத்திரையுமாகச் சில நாளில் அடங்கும். ஆனால் மாத்திரையை நீங்களாகப் போடாதீர்கள். பிரசவத்தில் குழந்தை தலைகீழாகத் திரும்பாமல் இருப்பது, பிறகு ரத்தப்போக்கு அதிகமாவது போன்றவை கூடுதலாக வரலாம் என்பதால் பெரிய ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்ப்பது நல்லது. வத்தல்மலை, சித்தேரி, அஞ்செட்டி மலைப் பக்கம் இருப்பவர்கள் தேதிக்குச் சில நாள் முன்பே கீழே இறங்கிவிடுங்கள்.

"மாதவிடாய் நின்னு ரெண்டு வருஷம் ஆச்சு. இப்ப லேசா ரத்தம் படுது. பழைய கட்டிதானே?"

அப்படி நினைத்துச் சும்மா இருக்கவே கூடாது. நின்ற பிறகு ஒரு சொட்டுப் பட்டாலும் உள்படலப் புற்றுநோய் இல்லை என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். அதேபோல நின்ற பிறகு கட்டி வளர்ந்தாலும் பார்க்க வேண்டும். அந்த வாரமே போங்கள்.

"இந்த மாதிரி தசைக்கட்டி வேற எங்கயாவது வருமா?"

மென்தசை இருக்கும் இடத்தில் எல்லாம் வரலாம்: உணவுக்குழாய், இரைப்பை, குடல், தோல். கர்ப்பப்பையில் வருவதுதான் மிக அதிகம். குளிரில் வலிக்கும் சின்னச் சின்னத் தோல் முடிச்சுகளும் இருந்து, இளம் வயதிலேயே நார்க்கட்டியும் வந்து, வீட்டில் யாருக்காவது சிறுநீரகப் புற்றுநோயும் இருந்திருந்தால், மூன்றையும் சேர்த்து டாக்டரிடம் சொல்லுங்கள். அது குடும்பத்தில் தொடரும் ஒரு மரபணுக் கோளாறாக இருக்கலாம்.

"எப்ப உடனே ஓடணும்?"

மணிக்கு ஒரு நாப்கின் நனைந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் போனால். தலை சுற்றி விழுந்தால், படபடத்தால், படுத்திருக்கும்போதே மூச்சு வாங்கினால். சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டால். திடீரென்று அடிவயிற்றில் தாங்க முடியாத வலி வந்தால். காம்பில் தொங்கும் கட்டி முறுக்கிக்கொண்டிருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள்.

"எங்க போறது? என்ன எடுத்துட்டுப் போறது?"

தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மகப்பேறு, பெண்கள் நலப் பிரிவு உண்டு. ஓசூர்ப் பக்கம் இருப்பவர்கள் முதலில் அங்குள்ள அரசு மருத்துவமனைக்குப் போகலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்துப் போய், உங்களுக்குச் சொன்ன சிகிச்சை அதில் அடங்குமா என்று காப்பீட்டு கவுண்டரில் முதலிலேயே கேளுங்கள்.

பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். போன வருடம் எவ்வளவு, இந்த வருடம் எவ்வளவு என்று டாக்டர் பார்க்க அவை வேண்டும். அப்புறம், வீட்டுக் காலண்டரில் போக்கு தொடங்கிய நாள், நின்ற நாள், ஒவ்வொரு நாளும் எத்தனை நாப்கின் என்று மூன்று மாதத்துக்குக் குறித்து, அந்தத் தாள்களைக் கிழித்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் டாக்டருக்கு உங்களிடம் பேச ஐந்து நிமிடம்தான் கிடைக்கும். "ரொம்பப் போகுது டாக்டர்" என்று சொல்வதற்குப் பதில் அந்தத் தாள்களை மேசையில் வையுங்கள்.